அவள் முகம் சுளித்த பாட்டு

ஞாயிற்றுக்கிழமைக் காலை. கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து வெண்மதி காரப்பொடி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். குடலை விரலால் வழித்துப் போடுவதில் அவளுக்குத் துளி அருவருப்பும் இல்லை. அருவருப்பு கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

கூடத்தில் அவள் புருஷன் ராஜவேல் கீபோர்டை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். சிதம்பரத்தில் அவன் அக்கா மங்கலத்தின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வருகிறது. தாய்மாமன் சீரோடு அவனுடைய மெல்லிசைக் குழுவின் கச்சேரியும் உண்டு. அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெருவோடு போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போகிற குரல் அது. வெண்மதியின் தலைக்குள் அது வேறாக இருந்தது. அடிப்பிடித்த குண்டானைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம்... தகர டப்பாவில் ஈக்களை அடைத்துக் குலுக்குகிற சத்தம்... நாக்கின் அடியில் எச்சில் ஊறி வயிற்றைப் புரட்டியது. மீன் கழுவிய கையைப் புடவையில்கூடத் துடைக்காமல் தலைமயிருக்குள் விரலை விட்டு, காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டியிருந்த வட்டத்தைப் பிய்த்து எடுத்தாள்.

அப்பாடா! எல்லாம் அடங்கியது.

நிமிர்ந்தால் எதிரே மாமியார் தில்லையம்மாள். வாயசைவிலேயே வெண்மதிக்குப் புரிந்தது. 'மறுபடியும் கழட்டிட்டியா?'

அவசரமாக எடுத்து ஒட்டிக்கொண்டாள். "பேட்டரி தீந்துடுச்சோன்னு பாத்தேன் அத்த..."

"எம் புள்ள பாட ஒக்காந்தா மட்டும் எப்படிடி ஒம் பேட்டரி தீருது? பக்கத்து வூட்டு பட்டம்மாகிட்ட கத பேசறப்ப தீரலையே!"

"இல்லத்த..."

"என்னா இல்ல? காட்டுமன்னார்கோயில்ல எங்கப்பன் எனக்குன்னு எழுதிவச்ச நெலம்... வீராணத்துத் தண்ணி பாயற நெலம்டி! அத வித்துதான் ஒந்தலைல அந்த மெஷின ஒட்டுனது. இப்ப புருஷன் பாட்டு ஒனக்குக் கசக்குதா?"

கசக்கவில்லை, குமட்டியது. அதை எந்த வாயால் சொல்வது? மீன் சட்டியின் பக்கம் குனிந்துகொண்டாள்.

வெண்மதி பிறவிச் செவிடு இல்லை. ராஜவேலின் குரலுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்றே அவளைச் சொல்லலாம். பெண் பார்க்க வந்தவன் அவள் அப்பா கேட்டுக்கொண்டதற்காக ஒரு பாட்டுப் பாடினான். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மறந்து கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு பகலெல்லாம் ஆபீஸ் வேலை, சாயங்காலமானால் பாட்டு என்று அவன் இருந்தான். அவன் பாடப் பாட அவள் சமைத்தாள், மகள் இலக்கியாவைத் தூங்க வைத்தாள்.

இலக்கியா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் வெண்மதிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். காய்ச்சல் இறங்கியபோது இரண்டு காதும் போயிருந்தன. உதடுகளைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினாள். ஒருநாள் ராஜவேல் கீபோர்டைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றினான். ஏன் என்று கேட்டாள். அவன் உதடு சொன்னது: "நீ கேக்காத பாட்ட ஊருக்குப் பாடி நான் என்னா பண்ணப்போறேன்?"

தில்லையம்மாள் நிலத்தை விற்றது அதற்கப்புறம்தான். மருமகளுக்காக விற்றாளா, பாட்டை நிறுத்திவிட்ட மகனுக்காக விற்றாளா என்பது அவளுக்கே தெரியாது. சென்னையில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குள் கம்பி போல ஒன்றை வைத்துத் தைத்தார்கள். புண் ஆறியதும் வெளி மெஷினை மாட்டி முடுக்கினார்கள். முதலில் எல்லோரும் கிளி மாதிரி கீச்சிட்டார்கள். நாள் போகப் போகக் கீச்சல் பேச்சாகத் திரண்டது. ஒரு காலையில் இலக்கியா முதுகுக்குப் பின்னால் நின்று "அம்மா, ரிப்பன் கட்டி வுடும்மா" என்றது முழுசாகக் கேட்டுவிட, சீப்பைப் போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே ராஜவேல் பரணில் ஏறிக் கீபோர்டை இறக்கினான். பெண் பார்க்க வந்த அன்று பாடிய அதே பாட்டை எடுத்தான். வெண்மதி ஆசையாக எதிரே உட்கார்ந்தாள்.

ஐயோ... அது பாட்டா! ஏற்றமில்லை, இறக்கமில்லை, குழைவில்லை. அழுகின ஏதோ ஒன்றைக் காதுவழியாக ஊற்றுவதுபோல இருந்தது. நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்த முகம்.

"நல்லா இருக்குது மாமா..." என்றாள்.

அவன் அவள் மடியில் தலை வைத்துக் குழந்தை மாதிரி அழுதான். அடுத்த வாரமே பழைய ஆட்களைக் கூட்டிக் குழுவை மறுபடி தொடங்கினான். அந்த ஒரு பொய்யின் மேல்தான் குழுவே நின்றது. அதை எப்படி உருவுவது?

மெஷினைச் சரிபார்க்க அவ்வப்போது சிதம்பரத்திலிருக்கும் கிளினிக்குக்குப் போவார்கள். அங்கே கேள்வி கேட்கிற பெண் அனுப்பிரியா. "பாட்டெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தில்லையம்மாள் முந்திக்கொள்வாள். "நல்லா கேக்குறாம்மா! எம் மவன் பாட்டுன்னா அவளுக்கு உசுரு!" வெண்மதி தலையாட்டுவாள். பேச்சு இவ்வளவு நன்றாகக் கேட்கும்போது பாட்டு மட்டும் நாறுகிறதென்றால், கெட்டுப்போனது தன் மனசுதான் என்று நினைத்தாள். புருஷனின் குரலை அருவருக்கிறவள் என்ன பெண்? தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க மருமவ இப்ப பாட்டு கேக்குறா பாருங்க!" என்று மாமியார் அவளைப் பிடித்து உட்கார வைப்பதும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது.

விழா நாள் வந்தது. சிதம்பரம் மண்டபத்தில் உட்கார இடமில்லை. சீர்வரிசை முடிந்து கச்சேரி தொடங்கியதும் வெண்மதி கடைசி வரிசைக்கு நழுவினாள். ஆனால் ராஜவேல் விடவில்லை. மைக்கில் அவள் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டான்.

"இவ எம் பொண்டாட்டி. காது சுத்தமா போயிருந்துச்சி. இவ கேக்கலன்னுதான் நான் பாடறதையே வுட்டேன். இப்ப இவ கேக்குறா... அதான் பாடுறேன். இந்தப் பாட்டு இவளுக்கு!"

கூட்டம் கைதட்டியது. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். டிரம்பெட், ரிதம் பேட், கீபோர்டு எல்லாம் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. ரசாயன ஃபேக்டரிப் பக்கமிருந்து காற்று திரும்பும் நாளில் கடலூரே மூக்கைப் பொத்திக்கொள்ளுமே, அந்த நாற்றத்தைக் காதுவழியாகக் குடிப்பதுபோல இருந்தது அவளுக்கு. அவன் அவள் கண்ணைப் பார்த்தபடி உருகி உருகிப் பாடினான். சிரிக்கப் பார்த்தாள்... உதடு கோணியது. மூக்கு சுருங்கியது. முகம் தானாகச் சுளித்துக்கொண்டது.

அதை ராஜவேல் பார்த்துவிட்டான். பாட்டு பாதியில் அறுந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள் வெண்மதி. மண்டபத்தின் பின்னால் எச்சில் இலைகள் குவிந்து கிடந்த இடத்தில் குனிந்து குடல் வெளியே வருகிறாற்போல வாந்தி எடுத்தாள். நிமிர்ந்து மெஷினைச் சரிசெய்துகொண்டபோது பின்னால் ஒரு கூட்டமே நின்றது.

"முழுவாம இருக்காளோ என்னமோ..." என்றாள் யாரோ ஒரு கிழவி.

"முழுவாமலாவது மண்ணாவது!" என்று பாய்ந்தாள் மங்கலம். "அவ மூஞ்சிய நான் பாத்தேன். சாக்கடையப் பாத்த மாதிரி சுளிச்சா! எம் பொண்ணு விசேஷத்துல, நாலு பேரு முன்னால எந் தம்பியப் பாத்து வாந்தி எடுக்குறியே... நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"அண்ணி, நான் வேணும்னு..."

"த்தூ!" என்று தரையில் துப்பினாள் தில்லையம்மாள். "எந் நெலத்தத் தின்ன வாயிதானே இது? வாந்திதான் வரும்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜவேல் வந்தான். அவன் கத்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எம் பாட்டு ஒனக்கு அருவருப்பா இருக்குதா வெண்மதி? மறைக்காம சொல்லு."

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்ல இனி அவளிடம் தெம்பில்லை.

"ஆமா மாமா. இன்னைக்கு மட்டுமில்ல... மொத நாள்லேருந்து."

அவன் முகம் வெளுத்துப்போனது. திரும்பி நடந்தான்.

கடலூர் வந்து சேர்ந்ததும் கீபோர்டு மறுபடி பரணுக்குப் போனது. அவள் போட்ட சோற்றை அவன் தலை நிமிராமல் தின்றான். அவள் எதிரே வந்தால் சுவரைப் பார்த்தான். தில்லையம்மாள் வாய் ஓயவில்லை. அடுப்பங்கரையில், குழாயடியில், வாசலில் நின்று பட்டம்மாளிடம் என்று போகிற இடமெல்லாம் நன்றி கெட்டவள் கதைதான். மெஷின் வழியாக அந்தப் பேச்சு மட்டும் பிசிறில்லாமல் கேட்டது. பாட்டைக் கேட்டு வந்த குமட்டல் இப்போது பேச்சைக் கேட்டும் வந்தது.

ஒரு காலையில் வெண்மதி மெஷினைக் கழற்றினாள். பேட்டரியோடு சேர்த்து ஒரு துணியில் வைத்து மாமியாரின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"இந்தாங்கத்த, ஒங்க நெலம். வச்சிக்குங்க."

அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. பழையபடி சத்தமில்லாத வீட்டுக்குள் வளையவந்து, அரைத்தாள், துவைத்தாள், மகளுக்குத் தலை பின்னினாள். இலக்கியா அம்மாவின் முகத்தைத் திருப்பித் திருப்பி உதட்டைக் காட்டிப் பேசினாள். அதைப் பார்த்தபோது தில்லையம்மாளுக்கே என்னவோ செய்தது. ஆனால் இறங்கிவர மனசில்லை. கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"அந்தக் கிளினிக்குக்காரிய வுட மாட்டேன்! பாட்டு கேக்க வக்கில்லாத மெஷினத் தலையில கட்டிட்டாளுங்களா? இத எடுத்துக்கிட்டு எந் நெலத்தக் குடுன்னு கேக்கப்போறேன்!"

அம்மா தனியாகப் போய் மானத்தை வாங்கிவிடுவாளே என்று ராஜவேல் கூடக் கிளம்பினான். மெஷின் யாருக்கோ அவள் வராமல் எப்படி என்று வெண்மதியையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சிதம்பரம் பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கிளினிக்கில் தில்லையம்மாள் மஞ்சள் பையிலிருந்து மெஷினை எடுத்து மேஜையில் டொக்கென்று வைத்தாள். வெண்மதிக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. மாமியாரின் கை வீச்சும், அனுப்பிரியாவின் கண் விரிவதும்தான் தெரிந்தன. அனுப்பிரியா இவள் பக்கம் திரும்பி, உதடு தெரியும்படி மெதுவாகக் கேட்டாள்.

"பாட்டு கேட்டா எப்படி இருக்கும்? நீங்க சொல்லுங்க. பாட்டி சொல்ல வேணாம்."

முதல் தடவையாக அந்தக் கேள்வி அவளிடமே வந்திருந்தது. வெண்மதி சொன்னாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் கத்துகிறாளா முணுமுணுக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் சொன்னாள். சுரண்டல், ஈ, அழுகல், குமட்டல்... ஒன்றையும் விடவில்லை. ராஜவேல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அனுப்பிரியா அவனிடம் ஏதோ கேட்டாள். தயங்கித் தயங்கி அவன் தன் செல்போனை எடுத்துக் கொடுத்தான். அதை ஒயரால் கம்ப்யூட்டரில் மாட்டி, கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு பெரிய ஹெட்போனை எடுத்து முதலில் தில்லையம்மாளின் காதில் மாட்டினாள்.

என்ன நடக்கிறதென்று வெண்மதிக்குப் புரியவில்லை. மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் நெரிந்தது. மூக்கு சுருங்கியது. உதடு ஒரு பக்கம் கோணி, பற்கள் தெரிந்தன. வெண்மதிக்குத் திக்கென்றது. இந்த முகத்தை அவளுக்குத் தெரியும்... ஒவ்வொரு பாட்டின்போதும் உள்ளே அடக்கி அடக்கி வைத்துக்கொண்ட அவளுடைய முகம் அல்லவா இது!

தில்லையம்மாள் ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். அவள் வாய் சொன்னது தெளிவாகத் தெரிந்தது: "சீச்சீ! என்னா கண்றாவிம்மா இது?"

அனுப்பிரியா ராஜவேலைக் கைகாட்டினாள். அவன் எடுத்து மாட்டிக்கொண்டான். அவனும் சுளித்தான். பிறகு சுளிப்பு மெல்ல விலகி, கண்கள் நிலைகுத்தின. அது அவன் பாடிப் பதிவு செய்து வைத்திருந்த பாட்டு. வார்த்தை அவனுடையது, மூச்சு விட்ட இடம் அவனுடையது, மீதியெல்லாம் தகரம். பாட்டு முடியும்வரை அவன் கழற்றவில்லை. கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையில் சொட்டியது.

அனுப்பிரியா மேஜையிலிருந்த மெஷினை எடுத்து வெண்மதியின் தலையில் ஒட்டினாள். சத்தம் திரும்பி வந்தது. முதலில் கேட்டது ராஜவேலின் உடைந்த குரல்.

"இதத்தான்... இத்தன நாளா இதத்தான் கேட்டாளா?"

"உங்க பாட்ட இவங்க மெஷின்ல கேக்குற மாதிரி மாத்திப் போட்டேன் சார். அச்சு அசலா இதேதான்னு சொல்ல முடியாது. ஆளாளுக்கு மாறும். ஆனா கிட்டத்தட்ட இப்படித்தான்" என்றாள் அனுப்பிரியா. "நம்ம காதுக்குள்ள ஆயிரக்கணக்குல நுண்ணிய மயிரு இருக்கு. அத்தனையும் செய்யற வேலைய இவங்களுக்கு உள்ள வச்ச கம்பியில இருக்கற இருபது சொச்சம் புள்ளிதான் செய்யுது. பேச்சுக்கு அது போதும். பாட்டுக்குப் போதாது. ஆர்மோனியத்துல பக்கத்து பக்கத்துக் கட்டையெல்லாம் ஒண்ணா சேத்துக் கட்டிட்டு முழங்கையால வாசிச்சா எப்படி இருக்கும்? தாளம் தெரியும், சுரம் தெரியாது. அதுலயும் இவங்க மூளைக்கு உங்க பழைய குரல் ஞாபகம் இருக்கு. அதத் தேடுது... வர்றது வேறயா இருக்கு. அதான் இவ்ளோ அருவருப்பு."

பிறகு தில்லையம்மாள் பக்கம் திரும்பினாள். "பாட்டு நல்லா கேக்குதுன்னு வரும்போதெல்லாம் நீங்கதானே பாட்டி சொன்னீங்க?"

தில்லையம்மாள் மஞ்சள் பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ராஜவேல் எழுந்து வந்து வெண்மதியின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். "ஏன்டி சொல்லல? மொத நாளே ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க பாடறத வுட்டுடுவீங்க மாமா... எனக்காக ஒருவாட்டி வுட்டீங்க. மறுபடியும் வுட்டா..." அவளால் முடிக்க முடியவில்லை. "ஒங்க கொரலு எனக்குப் போச்சுன்னு நான் அழுவலாம். ஆனா ஒங்க பாட்ட நான் அழிக்கக்கூடாதில்ல?"

"பாவி மவளே!" தில்லையம்மாள் இரண்டு எட்டில் வந்து மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "இந்தக் கண்றாவியக் கேட்டுக்கிட்டா சிரிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்த? ஒரு நிமிசம் எனக்குத் தாங்கலயேடி... என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்ல வுட்டீங்களாத்த?"

குரலில் கோபமில்லை. அதனாலேயே அது தைத்தது. "வுடல... நான் வுடல தாயி" என்று முணுமுணுத்துக்கொண்டே தில்லையம்மாள் முந்தானையால் வெண்மதியின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க இரண்டு பேருக்கும் வழிந்துகொண்டேயிருந்தது.

அனுப்பிரியா வழி சொல்லித்தான் அனுப்பினாள். காது தன்னால் ஆனதைச் செய்துவிட்டது, இனிமேல் மூளைதான் பழக வேண்டும். வாத்தியக் கூட்டம் வேண்டாம். ஒரே குரல், அதோடு தாளம். காய்ச்சலுக்கு முன்னால் கேட்டுப் பழகிய பாட்டாக இருக்கட்டும். குமட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். "எல்லாருக்கும் கைகூடும்னு சொல்ல மாட்டேன். சில பேருக்குக் கடைசிவரைக்கும் பிடிக்காமலே போயிடுது" என்றும் சொன்னாள்.

விஷயம் தெரிந்து மங்கலம் ஒருநாள் கை நிறையப் பலகாரத்தோடு வந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பனா?" என்றாள். வெண்மதி அதிரசத்தை வாங்கி உள்ளே வைத்தாள்.

கீபோர்டு இறங்கியது. ஆனால் வெண்மதி எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ராஜவேல் வெளியே குழுவோடு பாடினான். வீட்டில் வெறும் குரலில், மேஜையில் விரலால் தாளம் போட்டுப் பாடிக் காட்டினான். இரண்டு வரி போவதற்குள் அவள் கையைக் காட்டுவாள்.

"போதும் மாமா. வவுத்தப் பெரட்டுது."

முதலில் அவனுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு பழகிப்போயிற்று. "இன்னைக்கு எப்படி, சாக்கடையா தகரமா?" என்று அவனே கேட்பான். "தகரம்தான். சாக்கடை போயிடுச்சி" என்பாள். இலக்கியா விழுந்து விழுந்து சிரிப்பாள். தில்லையம்மாளுக்குச் சிரிப்பு வராது. மகன் குரலைத் தகரம் என்று சொல்லக் கேட்பது அவளுக்கு இன்னும் வலித்தது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

மாதங்கள் ஓடின. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஒரு காலை வெண்மதி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து ராஜவேலின் குரல் வந்தது. பயிற்சிக்காக இல்லை, யாருக்காகவும் இல்லை. தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே வாய்க்கு வந்த ஏதோ ஒரு காவடிச் சிந்தை அடித்து விட்டுக்கொண்டிருந்தான். வழக்கம்போலத் தாளம் முதலில் கேட்டது. கரண்டி அந்தத் தாளத்துக்கு மாவை ஊற்றியது. அவள் கவனிக்கவில்லை.

திடீரென்று கரண்டி நின்றது.

அந்தக் குரல் இருந்த இடத்தில் இல்லை. எங்கேயோ போயிருந்தது. படியில் கால் வைக்கிற மாதிரி ஒன்று, அப்புறம் அதற்கு மேல் ஒன்று... அவளுக்குப் புல்லரித்தது. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"மாமா! மாமா!"

"என்னா ஆச்சு? அடுப்பு எதனா..."

"இப்ப மேல போனீங்களா? பாட்டுல... மேல போனீங்கல்ல?"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிட்டது.

"ஆமா..." என்றது அவன் குரல். "மேலதான் போனேன். ஒனக்கு... தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது மாமா." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து அவளுக்கு மூச்சு முட்டியது. "கொரலு இன்னும் தகரம்தான். ஆனா மேல போச்சு! இன்னொரு தடவ போங்க..."

கதவுக்கு உள்ளே அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். வெண்மதி மாவுக் கையோடு கதவில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள்.